பதவியிலிருந்த ஜனாதிபதியின் பெயர் தம் கட்சியின் வாக்குச்சீட்டில் இல்லாமற் போனது எப்படி?

களுவாஞ்சிகுடி ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிப்பவன். சென்ற கிழமை அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது, பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், 2024 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயரில் நடந்த ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் பைடனின் பெயர் வாக்குச்சீட்டிலேயே இருக்கவில்லையாம். ஜனாதிபதியாக இருக்கிறவரின் பெயரை அவருடைய சொந்தக் கட்சித் தேர்தலில் யார் நீக்கினார்கள்?" என்று கேட்டாள். ஒருவரும் நீக்கவில்லை, அவரே பதியவில்லை என்று சொல்லிவிட்டேன். அது பிழையான விடை அல்ல. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அது விடையும் அல்ல என்பது வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நவம்பர் மாதப் பொதுத்தேர்தலுக்கு முன்னர் ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரை ஒரு தேசிய மாநாட்டில் தெரிவுசெய்கிறது. அந்த மாநாட்டில் வாக்களிப்பவர்கள் பேராளர்கள். எந்த மாநிலப் பேராளர் எவருக்கு வாக்களிக்க வேண்டும் என்பதை அந்தந்த மாநிலத்தில் நடக்கும் முதனிலைத் தேர்தலோ, கோக்கஸ் எனப்படும் கட்சி உறுப்பினர் கூட்டமோ தீர்மானிக்கிறது. இதற்கு அப்பால் எனக்கு விளங்காதது, திகதியை நிர்ணயிக்கும் அதிகாரம் எவரிடம் இருக்கிறது என்பதும், மாநிலச் சட்டப்படி நடந்த ஒரு தேர்தலின் பெறுபேற்றைக் கட்சி எந்த உரிமையில் புறக்கணிக்கிறது என்பதுமாகும். இவை இரண்டு கட்சிகளுக்கு இடையிலான சண்டைகளா, அல்லது ஒரே கட்சிக்குள் நடக்கும் குடும்பச் சண்டைகளா என்பதும் எனக்குத் தெளிவில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்குவதில் ஒரு சிரமம் இருக்கிறது. அவர்கள் கண்டறிந்த வேட்பாளர் தெரிவு என்பது, நியமனக் குழு கூடி, இரவோடிரவாகப் பட்டியல் மூன்று தடவை மாறி, கடைசி நாள் நண்பகலுக்கு முன்னர் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேட்புமனு கையளிக்கப்படுவதுதான். பொதுமக்கள் கட்சியின் வேட்பாளரைத் தெரிவுசெய்வது என்ற எண்ணமே அவர்களுக்குப் புதிது. அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.


வாவிக்கரை எழுதியது:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் பல தேர்தல்களில் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவன். மட்டக்களப்பு இந்துக் கல்லூரி வாக்கெண்ணும் நிலையத்தில் விடிய விடிய விழித்திருந்த பழக்கத்தால், அயலார் தேர்தல்களின் விதிகளையும் வாசிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது.

உங்கள் மாணவியின் கேள்விக்கு விடை ஒரே வரியில் இருக்கிறது: அமெரிக்க முதனிலைத் தேர்தலுக்கு இரண்டு எசமானர்கள். வாக்களிப்பு நிலையத்தை அமைப்பதும், சீட்டை அச்சடிப்பதும், செலவை ஏற்பதும் பெரும்பாலான மாநிலங்களில் மாநில அரசு. ஆகவே திகதியை மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டத்தின் மூலம் நிர்ணயிக்கிறது. ஆனால் அந்தத் தேர்தலின் பயனாகிய பேராளர் ஆசனம் கட்சியின் மாநாட்டு மண்டபத்துக்குள் இருக்கிறது. மண்டபத்தின் கதவுச் சாவி கட்சியின் தேசியக் குழுவிடம் இருக்கிறது. இங்கே கோயில் திருவிழாவில் இன்ன நாள் இன்ன குடிக்கு (குலத்துக்கு) என்று வகுத்திருக்கும் முறையைக் கோயில் நிர்வாகிகளான வண்ணக்கர்மார் கூடித்தான் மாற்றலாம். பிரதேச சபை தீர்மானம் நிறைவேற்றி முதல் நாள் திருவிழாவை வேறொரு குடிக்கு எழுதிக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஏறத்தாழ அதுதான் அங்கே நடக்கிறது. வேறுபாடு என்னவென்றால், அங்கே பந்தல் போடுவதும் மின்விளக்குக்குக் காசு கட்டுவதும் பிரதேச சபைதான்.

முதல் நாள் ஏன் அவ்வளவு பெரிது என்றால், முதலில் வாக்களிக்கும் மாநிலத்தில் வெல்பவருக்கு நன்கொடையும் செய்தி இடமும் பெருகுகின்றன. தோற்பவர்கள் ஒவ்வொருவராக விலகுகிறார்கள். கடைசியில் வாக்களிக்கும் மாநிலத்துக்கு வரும்போது தெரிவு பெரும்பாலும் முடிந்திருக்கும். இந்தக் காரணத்தால் மாநிலங்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு முன்னே ஓடுகின்றன. நியூ ஹாம்ப்ஷயர் 1920 முதல் முதலாவது முதனிலைத் தேர்தலை நடத்தும் மாநிலம். அதோடு நில்லாமல், தன் தேர்தல் இதையொத்த வேறெந்த மாநிலத் தேர்தலுக்கும் குறைந்தது 7 நாட்களுக்கு முன்னதாக நடைபெற வேண்டும் என்று 1975 இல் சட்டமே இயற்றிக்கொண்டது. எந்த மாநிலம் எவ்வளவு முன்னே போனாலும், அதற்கு ஒரு வாரம் முன்னே போகும் அதிகாரம் அம்மாநிலச் செயலாளரிடம் இருக்கிறது.

இனி 2024 க்கு வருவோம். 2020 இல் கட்சியின் வேட்பாளர் தெரிவில் பைடன் அயோவாவில் நான்காம் இடத்துக்கும் நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடத்துக்கும் தள்ளப்பட்டு, கறுப்பின வாக்காளர் நிறைந்த தென் கரோலினாவில்தான் எழுந்து நின்றார். ஜனாதிபதியான பின்னர், அயோவாவும் நியூ ஹாம்ப்ஷயரும் பெரும்பாலும் வெள்ளையர் வாழும் சிறிய மாநிலங்கள், அவை கட்சியின் வாக்காளர் தளத்தைப் பிரதிபலிக்கவில்லை என்ற நியாயத்தை முன்வைத்து, தென் கரோலினாவை முதலாவதாக்கும்படி கேட்டார். 2023 பெப்ரவரியில் தேசியக் குழு அதை ஏற்றது. அந்த நியாயத்தில் உண்மை உண்டு. அவரைக் காப்பாற்றிய மாநிலமே முதலாவதாக வந்தது என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

ஆனால் நியூ ஹாம்ப்ஷயரின் சட்டமன்றமும் ஆளுநர் பதவியும் குடியரசுக் கட்சியிடம் இருந்தன. தன் மாநிலத்தின் பெருமையைக் கைவிடும் சட்டத்தை, எதிர்க்கட்சியின் வசதிக்காக, அவர்கள் ஏன் நிறைவேற்ற வேண்டும்? தேர்தல் ஜனவரி 23 அன்று நடந்தது. தென் கரோலினாவில் பெப்ரவரி 3. கட்சியின் விதிப்படி, அனுமதியற்ற திகதியில் நடக்கும் தேர்தலில் வேட்பாளர் பெயர் பதிந்தால் அவருக்கும் தண்டனை உண்டு. ஆகவே பைடன் பதியவில்லை. கட்சி அந்தத் தேர்தலைப் பொருளற்றது என்று எழுத, வாக்களிப்பைத் தடுக்கும் இத்தகைய பேச்சை நிறுத்துமாறு மாநிலச் சட்டமா அதிபர் அலுவலகம் கட்சிக்குக் கட்டளைக் கடிதம் அனுப்பியது. இறுதியில் ஆதரவாளர்கள் பைடனின் பெயரைத் தம் கையால் எழுதி வாக்களித்து, அவருக்கு 63 வீதத்துக்கு மேல் கிடைத்தது. பெயர் அச்சிடப்பட்டிருந்த போட்டியாளர் டீன் பிலிப்ஸ் ஏறத்தாழ 20 வீதம் பெற்றார். பின்னர் ஒரு சமரசத்தின்பின் அம்மாநிலப் பேராளர்களுக்கு மாநாட்டில் இடமும் கிடைத்தது. தண்டனை அறிவிப்பதும் பின்னர் மன்னிப்பதும் அங்கே ஒரு வழக்கம்.

எங்கள் வாக்குச்சீட்டில் கையால் ஒரு பெயரை எழுதினால் அது நிராகரிக்கப்பட்ட வாக்கு. அதை எண்ணி ஒருவரை வெற்றியாளராக அறிவிப்பதை நினைக்க, பழைய அலுவலரான எனக்கு இப்போதும் கை கூசுகிறது.


ஆரையம்பதி மகன், மிச்சிகன் எழுதியது:

வாவிக்கரை ஐயா சொன்ன "தண்டித்து மன்னிக்கும்" வழக்கத்தை நான் நேரில் கண்டவன். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பின்னர் நான் அளித்த முதலாவது வாக்கு 2008 ஜனவரி 15 அன்று நடந்த மிச்சிகன் முதனிலைத் தேர்தலில்தான். அந்த வாக்கு கடைசியில் எங்கே போனது என்பதை இன்னும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது.

அவ்வாண்டு அயோவா, நியூ ஹாம்ப்ஷயர், நெவாடா, தென் கரோலினா ஆகிய நான்கைத் தவிர வேறெந்த மாநிலமும் பெப்ரவரி 5 க்கு முன்னர் தேர்தல் நடத்தக் கூடாது என்பது ஜனநாயகக் கட்சியின் விதி. மிச்சிகனும் புளோரிடாவும் அதை மீறின. கட்சி இரண்டு மாநிலங்களினதும் பேராளர்கள் அனைவரையும் நீக்கியது. ஒபாமாவும் எட்வர்ட்ஸும் மிச்சிகன் சீட்டிலிருந்து தம் பெயர்களை மீளப்பெற்றுக்கொண்டார்கள். ஹிலாரி கிளின்டன் விட்டுவைத்தார். நான் ஒபாமாவுக்கு வாக்களிக்கச் சென்றவன். சீட்டில் அவர் இல்லை. கையால் எழுதினாலும் எண்ணமாட்டார்கள் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். எஞ்சியிருந்தது "எவருக்கும் உறுதியளிக்காத பேராளர்" என்ற ஒரு கூடு. அதற்குப் புள்ளடி இடுவது போன்ற ஒன்றைச் செய்துவிட்டு வெளியே வந்தபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. இதற்காகவா காலையில் வேலைக்குப் பிந்திப் போனேன் என்று இருந்தது.

கிளின்டனுக்கு ஏறத்தாழ 55 வீதம். அந்த வெற்றுக் கூட்டுக்கு ஏறத்தாழ 40 வீதம். எண்ணப்படாது என்று சொல்லப்பட்ட தேர்தல், போட்டி நெருக்கமானதும் பெறுமதியுள்ளதாயிற்று. மே 31 அன்று கட்சியின் விதிகள் குழு வாஷிங்டனில் ஒரு ஹோட்டலில் நாள் முழுவதும் கூடியது. வாக்கு விகிதப்படி பார்த்தால் மிச்சிகனில் கிளின்டனுக்கு 73, பெயரற்ற கூட்டுக்கு 55. குழுவோ 69 க்கு 59 என்று பிரித்து, ஒவ்வொரு பேராளருக்கும் அரை வாக்கு என்று முடிவு செய்தது. ஒபாமா போட்டியிடாத தேர்தலில் அவருக்கு 59 பேராளர்கள். அதில் நான்கு பேர் எங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டவர்கள் என்று கிளின்டன் தரப்புக் கொதித்தது. நான் ஒபாமா ஆதரவாளன். ஆனாலும் அந்த நான்கு பேர் எந்தச் சீட்டிலிருந்து வந்தார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. ஓகஸ்டில் டென்வரில் மாநாடு கூடியபோது, வெற்றி உறுதியாகிவிட்ட ஒபாமாவின் வேண்டுகோளின் பேரில் இரண்டு மாநிலங்களுக்கும் முழு வாக்கும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. நவம்பரில் புளோரிடாவும் மிச்சிகனும் தேவைப்படும் ஒரு வேட்பாளர், அம்மாநில மக்களை வெளியே நிறுத்திவிட்டு எப்படி வாக்குக் கேட்பார்? எவ்வளவு கடுமையாக விதி எழுதினாலும் தண்டனை நிலைக்காமற் போவதற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். தண்டனையை நிறைவேற்ற வேண்டியவரே தண்டிக்கப்பட்டவரிடம் கையேந்த வேண்டியவர்.

இது கட்சிகளுக்கிடையிலான சண்டையா என்று ஆசிரியர் கேட்டிருந்தார். புளோரிடாவைப் பாருங்கள். அங்கே சட்டமன்றம் குடியரசுக் கட்சியிடம் இருந்தது; திகதியை முன்னே நகர்த்தும் சட்டத்தில் அக்கட்சி ஆளுநர் சார்லி கிறிஸ்ட் 2007 இல் கையொப்பமிட்டார். ஆகவே எங்கள் மேல் பழி இல்லை என்றார்கள் புளோரிடாவின் ஜனநாயகக் கட்சியினர். நீங்களும் சேர்ந்துதானே கையை உயர்த்தினீர்கள் என்றது தேசியக் குழு. மிச்சிகனிலோ ஆளுநர் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர். குடியரசுக் கட்சி அதே குற்றத்துக்குப் பேராளர்களில் பாதியை மட்டும் வெட்டியது. நியூ ஹாம்ப்ஷயரும் தென் கரோலினாவுங்கூட அந்த வெட்டிலிருந்து தப்பவில்லை.

2024 இல் சக்கரம் மறுபக்கம் சுழன்றது. இம்முறை மிச்சிகன் சட்டமன்றம் ஜனநாயகக் கட்சியின் கையில். அவர்கள் தம் கட்சியின் புதிய அட்டவணைக்கு ஏற்பத் தேர்தலைப் பெப்ரவரி 27 க்கு மாற்றினார்கள். குடியரசுக் கட்சியின் விதிப்படி மார்ச்சுக்கு முன்னர் மிச்சிகன் வாக்களித்தால் தண்டனை. தாம் செய்யாத சட்டத்துக்குத் தாம் தண்டிக்கப்படுவதைத் தவிர்க்க, குடியரசுக் கட்சியினர் தம் 55 பேராளர்களில் 16 பேரை மட்டும் முதனிலைத் தேர்தலுக்கு விட்டு, மீதி 39 பேரை மார்ச் 2 அன்று கட்சி மாநாட்டில் தெரிவுசெய்தார்கள். போதாக்குறைக்கு அவ்வேளை மாநிலக் கட்சிக்கு இரண்டு பேர் தாமே தலைவர் என்று நின்று, வழக்கு நீதிமன்றத்தில் இருந்தது. என்னோடு வேலைசெய்யும் ஒரு குடியரசுக் கட்சிக்காரர் பெப்ரவரியில் வாக்களித்துவிட்டு வந்து, தான் அளித்த வாக்கு பேராளர்களில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை என்று குறைப்பட்டார். 2008 இல் என் நிலையை அவருக்குச் சொன்னேன். அன்று மட்டும் எங்களுக்குள் அரசியல் வேற்றுமை இருக்கவில்லை.


செங்கலடி வாசகன் எழுதியது:

இவ்வளவு நீளமாக ஆராய என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லா நாட்டிலும் ஆளுங்கட்சி தனக்கு வாய்ப்பான நாளில் தேர்தலை வைக்கும், வாய்ப்பில்லாவிட்டால் வைக்காது. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாக 2012 இல் தேர்தல் நடந்தது. சபையின் காலம் 2017 இல் முடிந்தது. அந்த ஆண்டு தேர்தல் முறையை மாற்றும் திருத்தச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 இல் பாராளுமன்றமே தோற்கடித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்று காலம் போகிறது. 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே மாதத்தில் நடந்தது. அமெரிக்காக்காரன் ஒரு வாரம் முன்னே பின்னே என்று சண்டையிடுகிறான். எங்களுக்கு ஆண்டுக் கணக்கு. அவர்களுடைய குறையைப் பெரிதாகப் பேசுவது பசித்தவன் முன்னே விருந்தின் உப்புக் குறைவைப் பற்றிப் பேசுவது போலிருக்கிறது.


அக்கரைப்பற்றுச் சட்டத்தரணி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். செங்கலடித் தம்பியின் கோபம் நியாயமானது; ஆனால் அவர் இரண்டு வேறு நோய்களை ஒன்றாக்குகிறார். தேர்தலையே நடத்தாமல் விடுவது வேறு. நடத்தும் தேர்தலின் ஒழுங்கையும் எண்ணும் விதியையும் பற்றிச் சண்டையிடுவது வேறு. ஆசிரியர் கேட்டது இரண்டாவதைப் பற்றி.

கட்சிக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்ற சட்டக் கேள்விக்கு முதலில் வருகிறேன். விஸ்கொன்சின் மாநிலத்தில் எந்தக் கட்சியைச் சேர்ந்தவரும் எந்தக் கட்சியின் முதனிலைத் தேர்தலிலும் வாக்களிக்கலாம் என்ற சட்டம் நெடுங்காலமாக இருந்தது. ஜனநாயகக் கட்சியின் தேசிய விதியோ கட்சிக்காரர் மட்டுமே பங்குபற்ற வேண்டும் என்றது. மாநில நீதிமன்றம் மாநிலச் சட்டத்தின் பக்கம் நின்றது. 1981 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, மாநிலம் தன் தேர்தலைத் தான் விரும்பியபடி நடத்தலாம், ஆனால் அதன் பெறுபேற்றை ஏற்குமாறு ஒரு தேசியக் கட்சியைக் கட்டாயப்படுத்த முடியாது, ஏனெனில் யாருடன் கூடுவது என்பது கட்சியின் அரசியலமைப்பு உரிமை என்று தீர்ப்பளித்தது. வாவிக்கரை ஐயாவின் மண்டபச் சாவி என்ற உவமைக்குச் சட்ட ஆதாரம் இந்தத் தீர்ப்புத்தான்.

பேராளர் என்றால் யார் என்பது எங்கள் பகுதி மக்களுக்கு விளங்காத ஒன்றல்ல. எங்கள் ஊர்ப் பள்ளிவாசல்களில் குடிக்கு ஒரு மரைக்காயர் என்ற பழைய ஒழுங்கு இருந்தது. மரைக்காயர் தன் குடிக்காகப் பேசுபவர். குடியினர் சொன்னதை மட்டும் சொல்ல வேண்டியவரா, அல்லது சபையில் கேட்டதை வைத்துத் தன் புத்திக்கு எட்டியபடி முடிவெடுக்கலாமா என்பதில் எப்போதும் தர்க்கம் இருந்தே வந்தது. அமெரிக்கர்கள் நூறாண்டுக்கு மேலாகச் சண்டையிடுவதும் இதே தர்க்கத்தைப் பற்றித்தான். 1912 இல் முன்னாள் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் குடியரசுக் கட்சியின் முதனிலைத் தேர்தல்களில் பெரும்பாலானவற்றை வென்றார். ஆனால் தகராறுக்குள்ளான 254 பேராளர் ஆசனங்களில் 235 ஐக் கட்சியின் தேசியக் குழு அப்போதைய ஜனாதிபதி டாஃப்டுக்குக் கொடுத்தது. ரூஸ்வெல்ட் வெளியேறித் தனிக்கட்சி தொடங்கினார். குடியரசுக் கட்சி இரண்டாகப் பிளந்தது. ஜனநாயகக் கட்சியின் வூட்ரோ வில்சன் ஜனாதிபதியானார். 1968 இல் ஹியூபர்ட் ஹம்ப்ரி ஒரு முதனிலைத் தேர்தலிலும் இறங்காமலே ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். சிக்காகோ மாநாட்டு மண்டபத்துக்கு வெளியே பொலிஸாருக்கும் ஆர்ப்பாட்டக்காரருக்கும் இடையே நடந்த மோதல்கள் உலகறிந்தவை. அந்த அவமானத்தின் பின்னர்தான் பேராளர் தெரிவைச் சீர்திருத்த செனட்டர் ஜோர்ஜ் மக்கவர்ன் தலைமையில் ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டு, முதனிலைத் தேர்தல்கள் இன்றைய முக்கியத்துவத்தைப் பெற்றன.

அதே மக்கவர்ன் 1972 இல் வேட்பாளராக நின்றபோது நடந்ததுதான் என் பார்வையில் இந்த வரலாற்றிலேயே மிகச் சுவையான அத்தியாயம். கலிபோர்னியாவில் அவ்வாண்டு வென்றவருக்கே முழுவதும் என்ற விதி. அவர் வென்று 271 பேராளர்களையும் எடுத்தார். தோற்ற ஹம்ப்ரியின் தரப்பு, சீர்திருத்தத்தின் நோக்கமே விகிதாசாரம் அல்லவா, ஆகவே பிரித்துக் கொடுங்கள் என்று வாதிட்டது. மாநாட்டின் தகுதிகாண் குழு அதை ஏற்று 151 பேரை மக்கவர்னிடமிருந்து எடுத்தது. மாநாடு கூடியதும் பெரும் போராட்டத்தின்பின் அவர்கள் திருப்பிக் கொடுக்கப்பட்டார்கள். கொள்கையளவில் விகிதாசாரம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். எங்கள் 1978 யாப்பும் அதைத்தான் சொல்கிறது. ஆனாலும் கலிபோர்னியாவில் ஹம்ப்ரி தரப்புக் கேட்டது அநியாயம். வாக்கு எண்ணிய பின்னர் விதியை மாற்றக் கேட்டார்கள்.

திகதிச் சண்டையாகட்டும், பேராளர் சண்டையாகட்டும், நான் முதலில் பார்ப்பது விதி எப்போது எழுதப்பட்டது என்பதைத்தான். மட்டக்களப்புக் கிராமங்களில் வடசேரிக்கும் தென்சேரிக்கும் கொம்புமுறி (இரு தரப்பும் கொம்புகளைப் பூட்டி இழுத்து முறிக்கும் விளையாட்டு) நடக்கும்போது, எந்தக் கொம்பு தகுதியானது என்ற வாதம் கொம்புகளைப் பூட்டுவதற்கு முன்னர் நடக்க வேண்டியது. முறிந்த பின்னர் கொம்பின் தடிப்பைப் பற்றிப் பேசுபவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த அளவுகோலால் அளந்தால், 2016 இல் கொலராடோவில் தனக்கு அநியாயம் நடந்தது என்று டிரம்ப் முறையிட்டது எனக்கு அவ்வளவு வலுவாகத் தெரியவில்லை. அங்கே பொதுவாக்கெடுப்பு நடத்தாமல் மாநாடுகள் மூலம் பேராளர்களைத் தெரிவுசெய்வது என்ற முடிவு முந்திய ஆண்டிலேயே எடுக்கப்பட்டது; எதிர்ப் போட்டியாளர் டெட் குரூஸின் ஆட்கள் விதியை வாசித்து ஊர் ஊராகக் கூட்டங்களுக்குப் போனார்கள், மற்றவர்கள் போகவில்லை. பொதுமக்களிடம் கேட்கவே இல்லையே என்ற அவருடைய மற்றைய வாதம் வேறு. அதற்குப் பதில் சொல்வது கடினம்.

முன்கூட்டியே எழுதிய விதியும் ஒருவருக்காகவே தைத்த சட்டையாக இருக்கலாம் என்பதையும் மறுக்க முடியாது. கலிபோர்னியாவின் குடியரசுக் கட்சி 2023 ஜூலையில், 50 வீதத்துக்கு மேல் பெறுபவருக்கு 169 பேராளர்களும் என்று விதித்தது. அப்போது கருத்துக் கணிப்புகளில் முன்னணியில் இருந்தவர் டிரம்ப் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜனநாயகக் கட்சி எல்லா மாநிலத்திலும் விகிதாசாரம், 15 வீத வெட்டுப்புள்ளி என்று ஒரே முறையை வைத்திருக்கிறது. குடியரசுக் கட்சி மார்ச் நடுப்பகுதி கழிந்ததும் வென்றவருக்கே முழுவதும் கொடுக்க மாநிலங்களை விடுகிறது. முந்தியது போட்டியை நீளச் செய்யும், பிந்தியது விரைவில் முடிக்கும். எது நல்லது என்பதை ஒவ்வொருவரும் தம் வேட்பாளர் நிற்கும் இடத்திலிருந்தே பார்க்கிறார்கள்.

இவை எல்லாம் தூரத்துக் கதை என்று தம்பி நினைக்க வேண்டாம். 2024 ஜனவரி 21 அன்று இலங்கைத் தமிழரசுக் கட்சியின் தலைவர் தெரிவு திருகோணமலையில் இரகசிய வாக்கெடுப்பாக நடந்தது. சிறீதரனுக்கு 184 வாக்குகள், சுமந்திரனுக்கு 137. எங்கள் பக்கத்துக் கட்சிகளில் அப்படி ஒரு வாக்கெடுப்பு அரிது என்று நானும் வியந்து பார்த்தேன். ஒரு மாதத்துக்குள் விடயம் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. பொதுச்சபை கட்சி யாப்பின்படி அமைந்ததா, வாக்களிக்கும் உரித்து எவருக்கு என்பதுதான் அங்கேயும் எழுந்த கேள்வி. வழக்கின் சரி பிழைக்குள் நான் போகவில்லை. பேராளர் பட்டியல் முன்கூட்டியே தெளிவாகாமல் வாக்கெடுப்பு நடந்தால் எந்த நாட்டிலும் முடிவு நீதிமன்ற வாசலில்தான்.


களுவாஞ்சிகுடி ஆசிரியர் எழுதியது:

ஐயாமார் அனைவருக்கும் நன்றி. மிச்சிகன் தம்பியின் 2008 வாக்குச்சீட்டை அப்படியே கரும்பலகையில் வரைந்து, "இப்போது நீங்கள் ஒபாமா ஆதரவாளர், எதற்குப் புள்ளடி இடுவீர்கள்?" என்று கேட்பதாக முடிவு செய்திருக்கிறேன். கொம்புமுறி உவமையையும் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பலர் அதைப் பார்த்ததில்லை என்பது வேறு கவலை.

இன்னும் ஒரு சந்தேகம். சூப்பர் டெலிகேட் என்று ஒரு வகைப் பேராளர் இருப்பதாகவும், அவர்களை எவரும் தெரிவுசெய்வதில்லை என்றும் வாசித்தேன். எங்கள் 29 தேசியப் பட்டியல் ஆசனங்கள் போல என்று மாணவருக்குச் சொல்லலாமா? மேலும், 2024 இல் நெவாடாவில் குடியரசுக் கட்சிப் போட்டியாளர் நிக்கி ஹேலி ஒருவரும் எதிர்த்து நிற்காத தேர்தலில் தோற்றார் என்று ஒரு மாணவன் சொல்கிறான். அப்படியும் நடக்குமா?


வாவிக்கரை எழுதியது:

தேசியப் பட்டியலோடு ஒப்பிடுவது பாதி பொருந்தும். சூப்பர் டெலிகேட்கள் ஜனநாயகக் கட்சியின் ஆளுநர்கள், காங்கிரஸ் உறுப்பினர்கள், தேசியக் குழு உறுப்பினர்கள்; பதவியின் காரணமாகவே மாநாட்டுக்கு வருபவர்கள். வாக்காளர் தீர்ப்புக்குக் கட்டுப்படாமல் விரும்பியவருக்கு வாக்களிக்கலாம். 1972 இலும் 1980 இலும் பொதுத்தேர்தலில் படுதோல்வி அடைந்த ஜனநாயகக் கட்சி, அனுபவசாலிகளின் கையும் மாநாட்டில் இருக்கட்டும் என்று 1982 இல் இந்த ஒழுங்கை உண்டாக்கி, 1984 இல் முதன்முறை பயன்படுத்தியது. 2016 இல் முதலாவது மாநிலம் வாக்களிக்கும் முன்னரே அவர்களில் பெருந்தொகையானோர் கிளின்டன் பக்கம் நின்றதால், அவரை எதிர்த்துப் போட்டியிட்ட சாண்டர்ஸின் ஆதரவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். 2018 ஓகஸ்டில் கட்சி விதியை மாற்றியது: போட்டியுள்ள மாநாட்டில் முதற்சுற்று வாக்கெடுப்பில் அவர்கள் வாக்களிக்க முடியாது, முதற்சுற்றில் ஒருவரும் பெரும்பான்மை பெறாவிட்டால் மட்டும் இரண்டாம் சுற்றில் வாக்களிக்கலாம். சட்டத்தரணி ஐயாவின் அளவுகோலுக்கு இது நல்ல உதாரணம். தோற்றவர் தரப்பின் முறைப்பாடு, அடுத்த போட்டிக்கு இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே விதியாயிற்று.

நெவாடாவைப் பற்றி மாணவன் சொன்னது ஏறக்குறைய முழுதும் உண்மை. அங்கே ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மையுள்ள சட்டமன்றம் 2021 இல் கோக்கஸை விட்டு அரசு நடத்தும் முதனிலைத் தேர்தலுக்கு மாறியது. மாநிலக் குடியரசுக் கட்சி அதை ஏற்கவில்லை. பேராளர்களைத் தன் கோக்கஸ் மூலமே தெரிவுசெய்யும் என்றும், அரசின் தேர்தலில் பெயர் பதிபவர் கோக்கஸில் போட்டியிட முடியாது என்றும் விதித்தது. டிரம்ப் கோக்கஸுக்குப் போனார்; ஹேலி அரசின் தேர்தலுக்குப் போனார். 2024 பெப்ரவரி 6 அன்று ஹேலி நின்ற தேர்தலில் டிரம்பின் பெயர் இல்லை. எவருக்கும் பேராளரும் இல்லை. எதிர்த்து நின்ற சிலர் பெயரறியாதவர்கள். ஆனால் நெவாடாச் சீட்டில் "இவ்வேட்பாளர்களில் எவரும் இல்லை" என்ற கூடு சட்டப்படி இருக்கிறது. அந்தக் கூட்டுக்கு 60 வீதத்துக்கு மேலான வாக்குகள். ஹேலிக்கு ஏறத்தாழ அதில் பாதி. இரண்டு நாட்கள் கழித்துக் கோக்கஸ் நடந்தது. 26 பேராளர்களும் டிரம்புக்கு. இரண்டு நாள் இடைவெளியில் ஒரே கட்சிக்கு இரண்டு தேர்தல்கள். ஒன்றில் அரசின் பணமும் வாக்காளரும் இருந்தார்கள், பேராளர் இல்லை. மற்றதில் பேராளர் இருந்தார்கள், போட்டி இல்லை.

மாணவனிடம் சொல்லுங்கள்: ஹேலி தோற்றது ஒரு மனிதரிடம் அல்ல, ஒரு கூட்டிடம்.